கொடைக்கானல் ஏரியும் நம் ஊர்க்காரர்களும்: மே மாதம்தான் போக வேண்டுமா?

கண்டனூரான்
சனி, இரவு 9:10

பங்குனி முடிவதற்குள் நம் குழுவில் இந்தப் பேச்சு வந்துவிடும். காரைக்குடியில் வெயில் ஏறியதும் ஒருவர் “கொடைக்கானல் போகலாமா?” என்பார். உடனே நான்கு பேர், “அது கெட்டுப்போய் எவ்வளவோ நாளாச்சு, வால்பாறை போங்க, மூணாறு போங்க” என்று ஆரம்பிப்பார்கள். இந்த முறை அதைக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை.

என் கட்சி இது. கொடைக்கானல் கெடவில்லை. எதற்காக உண்டாக்கினார்களோ அந்த வேலையைத்தான் இன்றும் செய்கிறது. 1821-இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளந்துவிட்டுப் போனார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் மேலே இரண்டு பங்களா கட்டினார்கள். காலராவும் காய்ச்சலும் அவர்கள் குடும்பங்களை வாரிக்கொண்டு போன காலம். ஊட்டி அவர்களுக்குத் தூரம், செலவும் அதிகம். மற்ற மலை ஊர்களெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலேயர் உண்டாக்கியவை. இது அமெரிக்கர் தொடங்கியது.

அப்புறம் 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ் ஓடைகளை மறித்துக் கரை போட்டு ஏரி அமைத்தார். மீன் விட்டார், தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். 1890-இல் படகுக் கழகம் வந்தது. பாசனத்துக்கோ குடிப்பதற்கோ வெட்டிய நீர்நிலை அல்ல அது. முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குக்கு. வெயிலுக்குத் தப்பி வருகிறவர்களுக்காகக் கட்டிய ஊரில், வெயிலுக்குத் தப்பி வந்து படகுக்கு வரிசையில் நிற்கிற நம்மைப் பார்த்து “ஊரைக் கெடுத்துட்டாங்க” என்றால் என்ன நியாயம்? துரை படகு விட்டால் நாகரிகம், நாம் மிதிபடகு மிதித்தால் கூட்டமா?


சேக்காலை வீதி
சனி, இரவு 9:48

அண்ணே, வரலாறு சரி. முடிவில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

துரை மிதந்த காலத்தில் அந்தக் கரையைச் சுற்றி எத்தனை வீடு இருந்திருக்கும்? இன்று ஏரியைச் சுற்றியுள்ள சரிவு முழுக்க விடுதி. சுமார் 60 ஏக்கர் நீர்ப்பரப்பு, சுற்றி வர 5 கிலோமீட்டர் சாலை, அதற்கு மேலே எந்தப் பக்கம் பார்த்தாலும் கட்டடம். மழை பெய்தால் அந்தச் சரிவில் இருக்கிற அத்தனையும் எங்கே வந்து சேரும்? நம் ஊரில் கண்மாய்க்கரை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கவே விடமாட்டார்கள் நம் பெரியவர்கள். வரத்துக்காலில் ஒருவன் குப்பை போட்டால் ஊர்க்கூட்டத்தில் நிறுத்திவிடுவார்கள். கொடைக்கானலில் வரத்துக்கால் மேலேயே ஊர் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. மலைச்சாலையில் ஏறும்போது எல்லா வேனும் முதலில் நிற்கிற இடம் வெள்ளி அருவி. சுமார் 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது, பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் அது ஏரி நிரம்பி வழிகிற மறுகால் தண்ணீர். மேலே ஏரியில் என்ன கலக்கிறதோ அதுதான் கீழே அருவியாக வருகிறது. “மலை அருவி, மூலிகைத் தண்ணீர்” என்று அதில் முகம் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் ஊட்டி ஏரியோடு கொடைக்கானல் ஏரியையும் சேர்த்தார்கள் என்றால் சும்மாவா?


தேவகோட்டை ஆச்சி
சனி, இரவு 10:25

இரண்டு பேரும் ஏரியை விட்டுக் கீழே இறங்க மாட்டேன் என்கிறீர்கள்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். காட் ரோடு என்கிற மலைச்சாலை முடிந்து வண்டி ஏறத் தொடங்கியதே 1910-களில்தான். அதற்கு முன் எழுபது வருஷம் எப்படிப் போனார்கள்? ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில், அதாவது இன்றைய கொடைரோட்டில், ரயிலை விட்டு இறங்கி மாட்டு வண்டி. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரைக்கும் அது. அங்கிருந்து செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதை. வசதி உள்ளவர்கள் குதிரையில். துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியில், நாலு பேர் தோளில். லெப்டினன்ட் கோக்கர் பெயரில் நடைபாதை இருக்கிறது, பிரையன்ட் பெயரில் பூங்கா இருக்கிறது. தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் பெயரில் ஒரு தெருவாவது இருக்கிறதா என்று பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை.

எங்கள் காலத்துக்கு வருகிறேன். சீசனுக்கு ஒரு மாதம் வீடு பிடிப்பார்கள். அரிசி, பருப்பு, வத்தல் வடகம், மாங்காய் ஊறுகாய் ஜாடி என்று எல்லாம் காரைக்குடியிலிருந்தே ஏறும். சமையல் ஆளும் கூட வருவார். அங்கே போய்த்தான் தெரியும், ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், பருப்பு மட்டும் வேகாது. தொண்ணூற்று மூன்று டிகிரியிலேயே கொதி வந்துவிட்டால் துவரை எப்படிக் குழையும்? எங்கள் அப்பத்தா சமையல் ஆளைத் திட்டிய திட்டில் பாதி அந்த மலைக்குப் போயிருக்க வேண்டியது. குக்கர் வந்த பிறகுதான் அந்த வீட்டில் சாம்பார் சாம்பாராக இருந்தது.

ஒரு மாதம் தங்கினால் ஊர் தெரியும். இப்போது சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறீர்கள். உங்களுக்குத் தெரிவது பார்க்கிங் மட்டும்தான்.


வத்தலக்குண்டு வண்டி
ஞாயிறு, காலை 6:30

ஆச்சி சொன்னதில் கடைசி வரி என் வயிற்றுப்பாடு.

காரைக்குடியிலிருந்து வேன் ஓட்டுகிறேன், அதனால் ஏரியை விட ரோடுதான் எனக்கு நன்றாகத் தெரியும். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு. ஏறக்குறைய 200 கிலோமீட்டர். திண்டுக்கல் வரைக்கும் பழனிக்கு நம் நகரத்தார் காவடி நடக்கிற பாதையும் அனேகமாக இதுதான். தைப்பூசம் சமயத்தில் ஓட்டினால் ஓரமாக நடக்கிறவர்களுக்கு வழிவிட்டு மெதுவாகத்தான் போவேன்.

இ-பாஸ் பற்றி யாரும் பேசவில்லையே. உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பாஸ் கட்டாயம். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000 வண்டி என்று உச்சவரம்பே வைத்தார்கள். அரசுப் பேருந்துக்கு இது கிடையாது. ஆளுக்கு ஆள் திட்டினார்கள். என்னைக் கேட்டால் பாஸ் நல்லதுதான், ஆனால் அது பாதி வேலை. வந்த வண்டி அத்தனையும் காலை பத்து மணிக்கு ஒரே வட்டத்தில் சுற்றினால் நாலாயிரம் என்ன, ஆயிரம் வந்தாலும் நெரிசல்தான். ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையன்ட் பூங்கா, தூண் பாறை, பைன் காடு. எந்தக் குடும்பம் ஏறினாலும் இதே பட்டியல். “வேற எங்கயாவது கூட்டிட்டுப் போறேன்” என்றால், “இதெல்லாம் பாக்காம வந்தா ஊர்ல என்ன சொல்றது?” என்கிறார்கள்.

பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.


மலைமேல் பள்ளத்தூர்
ஞாயிறு, காலை 11:05

வேலை நிமித்தம் இந்த ஊரிலேயே குடியிருக்கிறேன். நீங்கள் கீழே உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறது.

முதலில், 1845-க்கு முன் இது யாருமில்லாத மலை என்ற தோரணையில் கண்டனூர் அண்ணன் எழுதியிருக்கிறார். பளியர்கள் இருந்தார்கள், புலையர்கள் இருந்தார்கள். சமவெளியிலிருந்து எப்போதோ ஏறிவந்த குன்னுவர்கள் பூம்பாறை போன்ற ஊர்களில் படிப்படியாக நிலம் வெட்டி விவசாயம் பார்த்தார்கள். தாண்டிக்குடிப் பக்கம் போனால் இறந்தவர்களுக்கு எழுப்பிய கல்திட்டைகள் கிடக்கின்றன, கிறிஸ்து காலத்தை ஒட்டியவை அல்லது அதற்கும் முந்தியவை. துரைமார் கண்டுபிடித்தது குளிர் அல்ல, குளிரை விற்கிற வழி.

இரண்டாவது, இந்த ஊர் குடிக்கிற தண்ணீர் உங்கள் ஏரியில் இல்லை. மேலே இருக்கிற பழைய நீர்த்தேக்கமும் மனோரஞ்சிதம் அணையும்தான் நகராட்சிக் குழாய்க்கு ஆதாரம். சீசனில் விடுதிகளுக்கு அது போதாது, லாரித் தண்ணீர் ஓடும். எங்கள் தெருவில் குழாய் வராத நாட்களில் லாரி மட்டும் விடுதிக்கு ஏறிப் போகும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர்கள் ஏரியைப் பார்க்கக்கூடாது, சோலைக் காட்டையும் புல்வெளியையும் பார்க்க வேண்டும். புல்லும் சோலையும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடை வரைக்கும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்தப் புல்வெளியில்தான் வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் யூகலிப்டஸ், வாட்டில், பைன் என்று நட்டுத் தள்ளினார்கள். நீங்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிற பைன் காடு அப்படி வந்ததுதான். வாட்டில் இப்போது தானாகவே பரவுகிறது, வெட்ட வெட்ட முளைக்கிறது.

ஏரியை மட்டும் தூர்வாரி ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டால் ஊர் பிழைத்துவிடும் என்று நினைப்பது வாசலுக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பது.

மூன்றாவது, கூட்டம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. 2020-இல் ஊரடங்கு போட்டார்களே, அப்போது வந்து பார்த்திருக்க வேண்டும். சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர், குதிரைக்காரர், சோளம் சுடுகிற அக்கா, விடுதியில் துணி வெளுக்கிறவர்கள், யாருக்கும் வரும்படி இல்லை. குதிரைக்குத் தீவனம் வாங்கக் காசில்லாமல் தவித்தார்கள். வாருங்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் வராதீர்கள், அவ்வளவுதான்.


சேக்காலை வீதி
ஞாயிறு, பகல் 12:40

மலைமேல் அண்ணே, பாதரசத்தை விட்டுவிட்டீர்களே. தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று பாம்பார் சோலைக்குப் பக்கத்திலேயே 1980-களில் வந்தது. 2001-இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவைப் பழைய சாமான் கடையில் கண்டுபிடித்த பிறகுதான் மூடினார்கள். 2016-இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஆனது. பதினைந்து வருஷம் ஆயிற்று அதற்கு. சுற்றுலாப் பயணி போட்ட பாட்டிலைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.


மலைமேல் பள்ளத்தூர்
ஞாயிறு, பிற்பகல் 1:15

விடவில்லை. அதைப் பற்றி நான்கு வரியில் எழுத மனம் வரவில்லை. இங்கே அந்த வேலைக்குப் போன குடும்பங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.


கண்டனூரான்
ஞாயிறு, பிற்பகல் 3:30

சரி, நல்லது எதையாவது பேசுவோமா? எல்லோரும் சேர்ந்து ஊரை மருத்துவமனையில் படுக்க வைத்துவிட்டீர்கள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்த இடம் வானாய்வகம். கூட்டம் குறைவு, காற்று அருமை. தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைச் சூறையாடியது. மழை ஏன் பொய்த்தது என்ற கேள்விக்குப் பதில் சூரியனில் இருக்கலாம் என்று அன்றைய விஞ்ஞானிகள் நினைத்தார்கள். அந்த எண்ணத்தின் தொடர்ச்சியாகத்தான் 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். இன்றைக்கும் உலகத்துப் பாடப்புத்தகத்தில் அது எவர்ஷெட் விளைவு. நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். சிவகங்கைச் சீமையில் கஞ்சித்தொட்டி திறந்த பஞ்சம், ஒரு மலை ஊரில் தொலைநோக்கியாக முடிந்தது. ஏரியைச் சுற்றி மூன்று தடவை சைக்கிள் விட்டுவிட்டு இதைப் பார்க்காமல் இறங்குகிறவர்களை என்ன சொல்ல?


தேவகோட்டை ஆச்சி
ஞாயிறு, மாலை 5:50

குறிஞ்சி ஆண்டவர் கோயிலை விட்டுவிட்டீர்களே தம்பி. 1936-இல் கட்டியது. கட்டியவர் இலங்கைப் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. ஆஸ்திரேலியாவில் பிறந்து, சைவத்துக்கு வந்து, லீலாவதி ஆனவர். வெளிநாட்டுக்காரர் ஒருவர் முருகனுக்குக் கோயில் கட்ட, கொண்டுவிற்கப் போன நம் ஆட்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்ட, அந்தக் காலத்தில் கடல் தாண்டாத சாமியே இல்லை போலிருக்கிறது. பின்பக்கம் நின்றால், மூடுபனி விலகினால், கீழே பழனி தெரியும். காவடி தூக்கிக்கொண்டு நடந்த கால் அங்கே நின்று பழனியைப் பார்த்தால் கும்பிடாமல் இருக்க முடியாது.

குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-இல். அடுத்தது 2030. அந்த வருஷத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.


கானாடுகாத்தான் முகப்பு
ஞாயிறு, இரவு 8:20

விருந்தினர் தங்கும் வீடு நடத்துகிறவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். இந்த இழையைப் படிக்கப் படிக்க நம் ஊர்தான் எனக்கு நினைவு வருகிறது.

2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் கானாடுகாத்தான் தெருவில் வெளிநாட்டுக்காரர்கள் நடக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சாந்துப் பூச்சு என்று கைடு சொல்லிக்கொண்டு போவார். எல்லோரும் பார்ப்பது முகப்பையும் உள்முற்றமான வளவையும்தான். வளவில் விழுகிற மழை தரைக்கடியில் ஓடி வீதிக்கு வந்து, வீதியிலிருந்து ஊருணிக்குப் போகிறதே, அதை யாரும் கேட்பதில்லை, நாமும் காட்டுவதில்லை. பல ஊரில் அந்த வரத்து இப்போது அடைபட்டுக் கிடக்கிறது. ஆனால் ஒரு விருந்தினர் நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்டால் உடனே குழி தோண்டிவிடுகிறோம். ஆழ்துளைக் கிணற்றில் எடுத்து அதை நிரப்புகிறோம்.

கொடைக்கானலுக்கு ஏரி மாதிரி நமக்கு வீடு. அதைக் காட்டித்தான் பிழைப்பு. அந்த வீட்டையே பிரித்துத் தூணும் நிலையுமாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்கிறவர்களும் நாம்தான். அதனால் மலைக்காரர்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.


சேக்காலை வீதி
ஞாயிறு, இரவு 9:05

அண்ணே, வேட்டங்குடியை மறந்துவிடாதீர்கள். திருப்பத்தூர் பக்கத்தில், நம் வாசலிலேயே. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்க்காரர்கள். கண்மாயும் இருக்கிறது, பறவையும் வருகிறது, பார்க்க ஆளும் வருகிறார்கள். ஊர் ஒத்துக்கொண்டால் முடியும். கொடைக்கானலில் அந்த “ஊர்” யார் என்பதுதான் சிக்கல். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார், நடத்துகிறவர் மதுரை, தங்குகிறவர் நாம்.


மலைமேல் பள்ளத்தூர்
ஞாயிறு, இரவு 9:40

இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊர் இல்லாமலும் இல்லை. பூம்பாறைக்கு ஒரு நாள் போங்கள், மன்னவனூர் வரைக்கும் போங்கள். மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னப் பல், காரம் அதிகம், கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். அங்கே பூண்டு வாங்கினால் பணம் நேரே விவசாயிக்குப் போகிறது. ஏரிக்கரைக் கடையில் சாக்லேட்டும் தைலமும் வாங்குகிற காசில் கால்வாசி அங்கே செலவழியுங்கள், போதும். குழந்தை வேலப்பர் கோயிலும் அங்கேதான், கும்பிட்டுவிட்டு வரலாம்.

ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஆறரைக்குப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். மே மாதத்தில் நீங்கள் தேடுகிற குளிர் அப்போதுதான் நிஜமாக இருக்கிறது. ஸ்வெட்டர் இல்லாமல் வந்து “குளிருதே” என்று எனக்குப் போன் செய்யாதீர்கள்.


கண்டனூரான்
ஞாயிறு, இரவு 10:15

பிள்ளைகளுக்கு லீவு மே மாதம்தானே? பள்ளிக்கூடம் ஜனவரியில் லீவு விடுமா? ஒரு மாதம் வீடு பிடித்துத் தங்குவதற்கு ஆச்சி வீட்டில் ஆள் இருந்தது, சமையல்காரர் இருந்தார். எங்களுக்கு இருப்பது இரண்டு நாள். அந்த இரண்டு நாளைக்கும் குற்றவாளிக் கூண்டு என்றால் எப்படி? வண்டிக்கு வரம்பு வையுங்கள், விடுதிக் கழிவுக்குக் கணக்குக் கேளுங்கள், வருகிறவனைக் குறை சொல்லாதீர்கள். இதில் நான் மாறப்போவதில்லை.


வத்தலக்குண்டு வண்டி
திங்கள், காலை 6:10

அண்ணே, காலாண்டு லீவு இருக்கிறதே. செப்டம்பர் கடைசி, அங்கே இரண்டாவது சீசன், மழை விட்டு விட்டுப் பெய்யும், அருவியில் தண்ணீர் இருக்கும், விடுதி வாடகையும் இறங்கியிருக்கும். பெருமாள்மலையில் நிற்காமல் ஏறலாம்.

விடியற்காலை மூன்று மணிக்குக் காரைக்குடியில் எடுத்தால் வத்தலக்குண்டில் டிபன். முதல் நாள் நேராகப் பூம்பாறை, மன்னவனூர். மறுநாள் காலை ஏரியை ஒரு சுற்று நடந்துவிட்டு வானாய்வகம், அப்புறம் குறிஞ்சி ஆண்டவர். பழனி வழியாக இறங்கிச் சாமி பார்த்துவிட்டு வந்துவிடலாம். பன்னிரண்டு பேர் வேன். ஆச்சி முன் சீட்டு. பாக்கி பத்துப் பதினொரு பேர் யார் யார் என்று இங்கேயே எழுதுங்கள். பூண்டு எத்தனை கிலோ வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால் மலைமேல் அண்ணன் முன்கூட்டியே சொல்லி வைப்பார்.


தேவகோட்டை ஆச்சி
திங்கள், காலை 7:45

எனக்கு ஐந்து கிலோ. குக்கரையும் எடுத்து வருகிறேன்.